தனித்து நிற்பதா, இணைவதா, ஆதரவு கொடுப்பதா? வடசென்னையின் சிறிய சங்கங்கள் போட வேண்டிய கணக்கு

மஸ்டரில், அதாவது பணியாளர் வருகைப் பதிவேட்டில், ஆயிரம் பேர் இருக்கும் ஒரு நிறுவனத்தில் 190 பேரை உறுப்பினராக வைத்திருக்கும் சங்கம், இதுவரை நிர்வாகம் அழைத்தால் போய் உட்கார்ந்து பேசியிருக்கும். சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருக்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி அந்தச் சங்கத்துக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இனி நாற்காலி கிடையாது. எந்தச் சங்கத்துக்கும் 51 சதவீதம் இல்லாத நிறுவனத்தில், 20 சதவீதம், அதாவது 200 பேர் இருந்தால் உண்டு. அந்தப் பத்துப் பேரை எங்கிருந்து கொண்டுவருவது, முடியாவிட்டால் என்ன செய்வது? தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் சிறிய, நடுத்தரச் சங்கங்கள் தள்ளிப்போட முடியாத கேள்வி இது.

வழிகள் மூன்று. தனியாகவே நின்று 20 சதவீதத்தைத் தொடுவது. இன்னொரு சங்கத்தோடு இணைந்துவிடுவது. பதிவைக் கைவிடாமல், பேச்சுவார்த்தைக்கான ஆதரவை மட்டும் வேறொரு சங்கத்துக்குக் கொடுப்பது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 17, 18 சதவீதத்தில் இருப்பவர்கள் தனியாக நின்று பார்க்கலாம். 15-க்குக் கீழே இருப்பவர்கள் கொடியின் மீதுள்ள பாசத்தால் தனியாக நிற்பது உறுப்பினரைக் கைவிடுவதற்குச் சமம். அவர்களுக்கு இணைவே நல்லது. ஆதரவு கொடுக்கும் வழி எளிதாகத் தெரியும். ஆனால் மூன்றிலும் அதிகம் ஏமாற வைப்பது அதுதான்.

யாருக்கு இது பொருந்தும்

துறைமுகம், மின்வாரியம், மாநகரப் போக்குவரத்துப் பணிமனைகள், குடிநீர் வாரியம், மாநகராட்சியின் தூய்மைப் பணி ஆகியவற்றில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்குப் பொருந்தும். வட்டாட்சியர் அலுவலக எழுத்தர் போல அரசின் இறையாண்மைப் பணியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு நடத்தை விதிகளும் அரசியலமைப்பின் 311-வது பிரிவும்தான் காப்பு. வேலைநிறுத்த உரிமை அவர்களுக்கு எவ்வளவு மெலிந்தது என்பதை 2003 காட்டிவிட்டது. அந்த ஜூலையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னது. இனி வரும் கணக்கு தொழிலாளர் சட்டத்துக்குள் வருபவர்களுக்கானது.

நாற்காலி ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது

முன்பு மேசையில் இடம் கிடைக்காவிட்டால் வாசலில் நின்று பேசலாம் என்ற தெம்பு இருந்தது. அந்த வாசலைத்தான் புதிய சட்டம் குறுக்கியிருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 14 நாள் முன்னறிவிப்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயம். இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் கட்டாயம். ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று சட்டமே வரையறுத்துவிட்டது. சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பின்றி, தகுந்த காரணமின்றி வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற பழைய விதி, ஊதியச் சட்டத் தொகுப்பில் அப்படியே தொடர்கிறது.

நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜூன் 1-ல் நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். ஜூன் 15 முடியும் வரை வேலையை நிறுத்தக் கூடாது. ஜூன் 8-ல் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் அன்றிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அது முடிந்து ஏழு நாள் வரை நிறுத்தம் கூடாது. நோட்டீஸ் வந்த தகராறில் அவர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். ஜூன் 22-ல் அறிக்கை, 29 வரை தடை, 30-ம் தேதி காலைதான் முதல் வாய்ப்பு. இதற்கிடையில் நிர்வாகம் ஜூன் 25-ல் தீர்ப்பாயத்தில் ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால்? தீர்ப்பாய நடவடிக்கை முடிந்து 60 நாள் வரை தடை. நோட்டீஸின் ஆயுளோ வெறும் 60 நாள். ஜூலைக் கடைசியில் அது காலாவதி.

முன்பு தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப அரசு முடிவு எடுக்க வேண்டும். இப்போது சமரசம் முறிந்ததும் எந்தத் தரப்பும் 90 நாளுக்குள் நேரே போகலாம். தொழிலாளிக்கு இது ஒரு வகையில் நன்மைதான். அரசின் உத்தரவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதே கதவு நிர்வாகத்துக்கும் திறந்திருக்கிறது. அவர்கள் அதை நுழைவதற்காக அல்ல, வேலைநிறுத்தத்தைப் பூட்டுவதற்காகத் திறக்கலாம்.

ஆக, வாசலில் நிற்கும் சங்கத்தின் கையில் இருந்த ஆயுதம் மழுங்கிவிட்டது. சமரச அதிகாரி முன்னிலையில் போடப்படும் ஒப்பந்தமோ, பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாம் 12(3) ஒப்பந்தம் என்று சொல்வது, கையெழுத்துப் போடாதவரையும் கட்டுப்படுத்தும். நாற்காலி இல்லாத சங்கத்தின் உறுப்பினர், மற்றவர் பேசி முடித்ததை வாங்கிக்கொள்ள வேண்டியவர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சங்கத்தை அங்கீகரித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இதற்குமுன் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியதில்லை, பழக்கத்தில்தான் ஓடியது. இப்போது 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கத்தை அங்கீகரிக்காமல் இருக்க முடியாது. பெரிய சங்கத்துக்கு இது உண்மையான பலம். இழப்பு முழுவதும் சிறிய சங்கத்தின் தலையில்.

முதலில் எண்ணுங்கள்

முடிவுக்குப் போகும் முன் உங்கள் உண்மையான எண்ணிக்கையைக் கண்டுபிடியுங்கள். செயலாளர் மேடையில் சொல்லும் எண்ணிக்கை வேறு, சந்தாப் புத்தகத்தில் இருப்பது வேறு, மஸ்டரோடு ஒத்துப்போவது வேறு.

சட்டம் கேட்பது மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளரின் ஆதரவு. அதனால் ஓய்வுபெற்றவர்களை நீக்குங்கள். சங்கத்தில் அவர்கள் தூணாக இருக்கலாம், இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தொழில் பழகுநர்களை நீக்குங்கள். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல. அரசுத்துறை நிறுவனங்களில் மேற்பார்வையாளர் பெரும்பாலும் அந்தத் தொகையைத் தாண்டியவர்கள். பல சங்கங்களில் கிளைத் தலைவரே மேற்பார்வையாளராக இருப்பார். எண்ணிக்கை சரிபார்க்கும்போது முதலில் அடிபடும் பெயர் அவருடையதாக இருக்கும். பதவியின் பெயரை வைத்து மட்டும் யாரையும் விட்டுவிடாதீர்கள். ‘மேற்பார்வையாளர்’ என்று பெயர். ஆனால் நாள் முழுக்கக் கையில் ஸ்பேனர் என்றால் அவர் செய்யும் வேலையின் தன்மையைக் காட்டி வாதாடலாம். பணி ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் நகலை எடுத்து வையுங்கள்.

குறிப்பிட்ட காலப் பணியாளர்கள் மஸ்டரில் இருக்கும் வரை கணக்கில் உண்டு. ஆனால் சரிபார்ப்பு நாளுக்கு முந்தைய மாதம் பணிக்காலம் முடிந்தால் பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் கழிவார்கள். அவர்கள் பணி முடியும் தேதிகளைத் தனி நிரலில் எழுதுங்கள்.

இரட்டை உறுப்பினர் வடசென்னைப் பணிமனைகளில் பழைய வழக்கம். ஆளுங்கட்சிச் சங்கத்துக்கு ஒரு சந்தா, மனதுக்குப் பிடித்த சங்கத்துக்கு ஒரு சந்தா. செக்-ஆஃப் முறையில் சம்பளத்திலிருந்து பிடிக்கும் நிறுவனத்தில் எந்தச் சங்கத்தின் பெயரில் பிடிக்கிறார்களோ அதுதான் எண்ணப்படும்; கையில் வாங்கிய சந்தா சந்தேகத்துக்குள்ளாகும். இவர்களைத் தனியாக எண்ணி, பாதியைத்தான் உங்கள் பக்கம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்.

அப்புறம் பெயர். சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தில் ‘செல்வி’ என்று மட்டும் இருக்கும். ஆதாரில் ‘செல்வி கு’, மஸ்டரில் ‘தமிழ்ச்செல்வி க/பெ குமார்’. காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு நடக்கும் இடத்தில், கையுறையைக் கழற்றி முகப்பதிவு போட்டுவிட்டு வண்டியோடு கிளம்பும் அவசரத்தில் வாங்கிய சந்தா அது; அடிக்கட்டையில் யாரும் பணியாளர் எண்ணை எழுதியிருக்க மாட்டார்கள். சரிபார்ப்பவர் முன் அந்த அடிக்கட்டை ஒன்றுக்கும் உதவாது. இன்றிலிருந்தே ரசீதில் நான்கு விவரம் கட்டாயம்: மஸ்டரில் உள்ளபடி பெயர், பணியாளர் எண், வேலை செய்யும் பிரிவு அல்லது கோட்டம், எந்த மாதச் சந்தா. பழைய உறுப்பினர்களிடம் புதிதாக உறுப்பினர் படிவமே வாங்கிவிடுவது நல்லது. இருபது கிளைத் தோழர்கள் ஆளுக்குப் பத்துப் படிவம் என்றால் இரண்டு வாரத்தில் முடியும் வேலை.

கடைசியாக, எந்த மஸ்டர்? தண்டையார்பேட்டைப் பணிமனையில் மட்டும் உங்களுக்கு 40 சதவீதம் இருக்கலாம். நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்தால் அது இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடும். எந்த அலகை வைத்து எண்ணப் போகிறார்கள் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வழி பதிலை நம்பி ஆறு மாதம் ஆள் சேர்த்துவிட்டு, பிறகு அலகு வேறு என்று தெரிந்தால் அத்தனையும் வீண்.

ஆயிரம் பேர் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மஸ்டர் 1,000. அ சங்கம் 380, ஆ சங்கம் 250, இ சங்கம் 190, ஈ சங்கம் 110, எதிலும் சேராதவர் 70. யாருக்கும் 510 இல்லை; அதனால் பேச்சுவார்த்தைக் குழு அமைய வேண்டும். ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி, வகுத்தபின் வரும் மீதிக்கும் பிரதிநிதித்துவம் என்று சட்ட வாசகம் சொல்கிறது. மீதி எவ்வளவு சிறியதானால் விட்டுவிடலாம் என்று எல்லை எதுவும் அதில் இல்லை. வாசகத்தை நேராக வாசித்தால் அ-வுக்கு இரண்டு, ஆ-வுக்கும் இரண்டு. இ, ஈ சங்கங்களின் 300 பேருக்குச் சுழியம். பெரும்பான்மைப் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது.

இ சங்கம் தனியாகப் பத்துப் பேரைச் சேர்த்து 200-ஐத் தொட்டால் ஒரு நாற்காலி. அதே வாசிப்பில் 201 என்றால் இரண்டு. நிர்வாகம் வேறு மாதிரிக் கணக்கிட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்க வேண்டிய இடம் இது. இரண்டு வாசிப்பிலும் குறைந்தது ஒன்று உறுதி.

இ, ஈ இரண்டும் இணைந்தால் 300; இரண்டு நாற்காலி. குழுவில் மொத்தம் ஆறு, பெரும்பான்மைக்கு நான்கு. எந்த இரண்டு சங்கம் சேர்ந்தாலும் நான்கு வரும். அதாவது 380 பேர் வைத்திருக்கும் அ சங்கத்துக்கு இருக்கும் அதே பேர வலிமை 300 பேர் வைத்திருக்கும் இணைந்த சங்கத்துக்கும் வந்துவிடுகிறது. சிறியவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

இ சங்கம் தன் ஆதரவை அ-வுக்குக் கொடுத்தால்? 380-ம் 190-ம் சேர்ந்து 570. அ ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாகிவிடும். குழுவே அமையாது, ஆ சங்கத்தின் 250 பேரும் வெளியே. அங்கீகாரம் மூன்று ஆண்டு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மொத்தம் ஐந்து ஆண்டு வரை. 190 பேர் கொண்ட சங்கத்தின் ஒரு முடிவு ஆயிரம் பேரின் ஐந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. இந்த மதிப்பை உணராமல், தேநீர்க் கடையில் பேசி முடித்து ஆதரவைக் கொடுப்பவர்கள் பிறகு வருந்துவார்கள்.

மூன்று வழிகளிலும் எங்கே சறுக்கும்

தனியாக நிற்பதில் செலவு குறைவு. கொடி, பெயர், நிதி எதுவும் மாறாது. சறுக்கும் இடம், ஆள் சேர்ப்பின் கடைசி இரண்டு சதவீதம். 18-லிருந்து 20-க்குப் போக, எதிலும் சேராதவர்களில் இருந்து இருபது பேர் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள், பெண்கள். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டே இருந்தால் இந்த மூன்று பேரும் வரமாட்டார்கள். இன்னொன்று: 20-ஐத் தொட்டாலும் ஓரத்தில் நிற்கும் எண்ணிக்கை ஆபத்தானது. சரிபார்ப்பில் எப்படியும் சில பெயர்கள் அடிபடும். 22, 23 சதவீதம் கையில் இருந்தால்தான் 20 நிச்சயம்.

இணைவதில் வேலை அதிகம். பழைய 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில், ஒவ்வொரு சங்கத்திலும் உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் வாக்களித்து, பதிவான வாக்கில் 60 சதவீதம் ஆதரவு இருந்தால்தான் இணைவு செல்லும் என்றிருந்தது. இன்றும் அந்த அளவுகோலை வைத்தே நடத்துங்கள்; பிறகு எவரும் கேள்வி எழுப்ப இடம் இருக்காது. தொழிற்சங்கப் பதிவாளரிடம் எந்தப் படிவம், என்ன இணைப்பு என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மாநில நிறுவனங்களுக்குத் தொழிலாளர் துறையின் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம்தான் போகுமிடம். துறைமுகம் மத்திய அரசின் கீழ் வருவதால் அதன் சமரசத் தகராறுகள் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் கீழுள்ள அதிகாரிகளிடம் போகும், மாநில அதிகாரியிடம் அல்ல.

இணைவில் மறந்துபோவது மூன்று. சங்கக் கட்டடத்தின் பத்திரம் பல இடங்களில் சங்கத்தின் பெயரில் இருக்காது. முப்பது ஆண்டுக்கு முந்தைய தலைவர், பொருளாளர் பெயரில் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே மாற்றி எழுதுங்கள். வாரிசு கைக்குப் போனபின் நீதிமன்றப் படிதான். இரண்டாவது, தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் சங்கம் மனுதாரராக நிற்கும் வழக்குகள். இணைந்த சங்கத்தைப் பதிலாகச் சேர்க்கும் மனுவை ஒவ்வொரு வழக்கிலும் போட வேண்டும். விட்டால், ‘அந்தச் சங்கமே இப்போது இல்லை’ என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். மூன்றாவது, நிர்வாகிகள். வெளியாட்கள் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒன்று அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும். இரண்டு சங்கத்திலும் தலா மூன்று வெளியாட்கள் இருந்தால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலான இணைவுகள் முறிவது கொள்கையால் அல்ல, இந்த ஒரு இடத்தால்.

தனித்தனிச் சங்கமாக இருந்துகொண்டே ‘கூட்டுக்குழு’ என்று பலகை வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. குழுவில் இடம் பதிவு பெற்ற சங்கத்துக்கு, அதுவும் தனக்கென்று 20 சதவீதம் காட்டும் சங்கத்துக்கு. தலா 12 சதவீதம் உள்ள இரண்டு சங்கம் கைகோத்து நின்றால் 24 ஆகாது, இரண்டு 12-தான்.

ஆதரவு கொடுக்கும் வழி, ரகசிய வாக்கெடுப்பு நடக்கும் இடத்தில் மட்டுமே செல்லும். ரயில்வேயில் 2024 டிசம்பரில் நடந்ததுபோல் வாக்குப் பெட்டி வைத்தால், உங்கள் உறுப்பினர் உங்களுக்குச் சந்தா கட்டிக்கொண்டே அடுத்த சங்கத்துக்கு வாக்களிக்கலாம். சந்தாப் பிடித்தத்தையோ உறுப்பினர் பதிவேட்டையோ வைத்து எண்ணும் இடத்தில், ஆதரவு கொடுக்க அவர் அங்கே உறுப்பினராகவே மாற வேண்டும். மாறியவர் திரும்பி வருவது அரிது.

அப்படியும் கொடுப்பதென்றால் வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும் பிரதிநிதிகளில் ஒருவர் உங்கள் ஆள் என்று பெயரோடு. எந்த இரண்டு, மூன்று கோரிக்கையில் உங்கள் சம்மதம் இல்லாமல் கையெழுத்து ஆகாது என்று வரிசையாக. வரைவு ஒப்பந்தத்தின் நகல் கையெழுத்துக்கு எத்தனை நாள் முன் உங்கள் கைக்கு வரும் என்று தேதிக் கணக்கோடு. இரு சங்கத்தின் பொதுக்குழுவிலும் வாசித்துத் தீர்மானமாக்குங்கள். இதை மீறினால் நீதிமன்றம் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியும் என்று நம்பாதீர்கள். அவர்களுடைய உறுப்பினர் முன்னிலையில் வாசித்தது என்ற கூச்சம் ஒன்றுதான் பிடிமானம்.

ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள சங்கங்களுக்கு

மேலே சொன்ன கணக்கு எல்லாம் நிறுவனத்தின் சொந்த மஸ்டரில் உள்ளவர்களுக்கு. ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர் அந்த ஒப்பந்ததாரரின் மஸ்டரில் வருகிறார். அவரை நிரந்தரத் தொழிலாளர் சங்கத்தில் சேர்த்தால் சங்கத்தின் மொத்த எண்ணிக்கை ஏறும். நிறுவனத்தின் மஸ்டரில் ஒரு ஆள்கூட ஏறாது.

மாநகராட்சியின் 5-வது மண்டலமான ராயபுரத்திலும் 6-வது மண்டலமான திரு.வி.க. நகரிலும் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சங்கம் என்ற சொல்லே இந்த மண்ணோடு ஒட்டியது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தோடு நின்றவர்தான், அந்த 6-வது மண்டலத்துக்குப் பெயர் தந்த திரு.வி.க. அந்தச் சங்கத்தின் பி.பி. வாடியா மீது, ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் வாங்கிய தடையாணைதான், பதிவு பெற்ற சங்கத்துக்கு உரிமையியல் வழக்கிலிருந்து காப்பு தரும் 1926 சட்டம் பிறக்கக் காரணமானது. அந்தக் காப்பு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. பதிவு பெறாத ‘தொழிலாளர் குழு’வாக இயங்குபவர்களுக்கு அது கிடைக்காது.

ஒப்பந்தம் கைமாறும்போது மஸ்டரும் கைமாறும். பழைய ஒப்பந்ததாரரிடம் பெற்ற அங்கீகாரத்தைக் காட்டிப் புதியவரைக் கட்டுப்படுத்துவது கடினம்; முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். அதனால் இவர்களுக்கு எங்கள் பரிந்துரை வேறு. தனிச் சங்கம் வேண்டாம். மண்டலம் தாண்டிய ஒரே பதிவு பெற்ற சங்கமாக இருங்கள், ஒவ்வொரு ஒப்பந்ததாரரின் மஸ்டருக்கும் தனி உறுப்பினர் பதிவேடு வையுங்கள். சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. எண் மூன்றின் நகலும் ஒவ்வொருவர் பெயரிலும் கோப்பில் இருக்கட்டும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் நாளை கேட்கப் போகும்போது அந்த நகல்கள்தான் பேசும்.

20-ஐத் தொடாத சங்கத்துக்கு மிச்சம் இருப்பது

நாற்காலி இல்லை என்பதால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர், நிர்வாகம் இருதரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துக்கு மிகாமல். குறை எழுந்த ஓராண்டுக்குள் மனு, 30 நாளில் முடிவு. அந்த முடிவு திருப்தியில்லை என்றால் 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். போவது, அந்தத் தொழிலாளி எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அந்தச் சங்கத்தின் வழியாக. அங்கீகாரம் பெற்ற சங்கம் என்று சட்டம் சொல்லவில்லை. பணிநீக்க வழக்குகளையும் எடுத்து நடத்தலாம். ஆனால் தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அதிகாரி தொட முடியாது. முன்பு மூன்று ஆண்டு என்று மனப்பாடமாக வைத்திருக்கும் கிளைச் செயலாளர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள். பணி நிலைமையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற கட்டாயமும் தொடர்கிறது. ஷிப்ட் நேரத்தைத் திடீரென்று மாற்றினால் எந்தச் சங்கமும் அதைச் சுட்டிக்காட்டலாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

எந்த வழியானாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு விண்ணப்பம் போடுங்கள். இன்ன தேதியில் மஸ்டரில் எத்தனை பேர், அதில் மேற்பார்வையாளர், தொழில் பழகுநர், குறிப்பிட்ட காலப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் தனித்தனியாக எத்தனை என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். தனிநபர் விவரம் என்று முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் போகட்டும்: உங்கள் நிர்வாகிகளைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்களாக அங்கீகரிக்கக் கேட்டு. மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம், குறைந்தது ஐந்து பேர், அதிகம் 100 பேர் என்பது சட்டத்தின் அளவு. தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்கள் மீது நடவடிக்கை எடுக்க எழுத்துப்பூர்வ முன் அனுமதி தேவை. ஆள் சேர்ப்புத் தொடங்கியபின் இடமாற்ற உத்தரவுகள் வரத் தொடங்கும்; கடிதம் அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள்.

ஆண்டறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்பாமல் விட்ட ஆண்டுகள் இருந்தால் அவற்றையும் இப்போதே அனுப்பி முடியுங்கள். சட்டத்தையோ சங்கத்தின் சொந்த விதிகளையோ மீறியதாகத் தகவல் வந்தால் பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு. எண்ணிக்கையில் போட்டியிடும் இன்னொரு சங்கம் அந்தத் தகவலைக் கொடுக்கலாம். பொதுக்குழுவைக் கூட்டும்போது மூன்று வழிகளையும் உங்கள் மஸ்டர் எண்ணிக்கையோடு ஒரே தாளில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே இரவு ஷிப்ட் தோழர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள். வாக்குப் பெட்டி காலை ஷிப்ட் தொடங்கும் முன்பிருந்து இரவு ஷிப்ட் உள்ளே போகும் வரை திறந்திருக்கட்டும்.